வியாதிக்குத் தமிழ்ப் பேர்

வியாதிக்கு இங்கிலீஷில் பேர் வைக்கக் கூடாது. இது பூபாலனின் கொள்கை. வாய்க்கு வந்தபடி சொன்ன கொள்கை இல்லை. நாற்பது வயதுக்கு மேலும் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காமல் உடம்பை ஓட்டிவந்த அனுபவத்தில் விளைந்தது.

சாரம் இதுதான். தமிழ்ப் பேருள்ள வியாதிக்குக் கஷாயம். இங்கிலீஷ் பேருள்ள வியாதிக்கு ஊசி. நெஞ்சு எரிகிறதா? 'பித்தம்' என்று சொல்லிப் பாருங்கள், எலுமிச்சம்பழம் பிழிந்து தருவார்கள். அதையே 'அசிடிட்டி' என்று சொல்லிப் பாருங்கள், குப்புறப் படுக்கச் சொல்வார்கள். இடுப்புப் பிடித்துக்கொண்டால் 'வாயு' என்றால் பூண்டு. 'டிஸ்க்' என்றால் ஸ்கேன். உடம்பும் அதேதான், வலியும் அதேதான். பேர் வைக்கிற இடத்தில்தான் மனுசன் கோட்டை விடுகிறான் என்பார் பூபாலன்.

இந்தக் கொள்கைக்குப் பின்னால் ஒரு சின்ன ரகசியம் உண்டு. அவருக்கு ஊசி என்றால் பயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்குச் சோறு போடுவதே ஊசிதான். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அவர் நீடில் ரூம் இன்சார்ஜ். தையல் மெஷினில் ஊசி உடைந்தால், டெய்லர் உடைந்த துண்டு அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு வந்து அவர் மேஜையில் வைக்க வேண்டும். பூபாலன் அவற்றைச் சேர்த்து வைத்து, முனையிலிருந்து மெஷினில் மாட்டுகிற கட்டை வரைக்கும் ஒரு முழு ஊசி ஆகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார். முழுசானால்தான் புது ஊசி. ஒரு துணுக்கு குறைந்தாலும் அந்த லைன் நிற்கும். தைத்த துணி பூராவும் 'ஹோல்டு'. காந்தம் வைத்துத் தேடி, மெட்டல் டிடெக்டரில் விட்டெடுத்து, துணுக்கு கிடைக்கும்வரை ஒரு பீஸ் வெளியே போகாது. கடல் தாண்டி எங்கேயோ ஒரு குழந்தை போட்டுக்கொள்ளப் போகிற சட்டை. அதில் ஊசி முனை இருந்தால்? முகம் தெரியாத அந்தக் குழந்தையை நினைத்தாலே பூபாலனுக்குச் சோறு இறங்காது. முதலாளியே வந்து, "கண்டெய்னர் நிக்குது பூபாலா, விட்டுத் தொலைப்பா" என்றாலும், "மீதித் துண்டு எங்கீங்க?" என்றுதான் கேட்பார்.

ஆக, மெஷின் ஊசிக்கு அவர் ராஜா. ஆஸ்பத்திரி ஊசிக்குத்தான் கூஜா. கொரோனாக் காலத்தில் கம்பெனிக்கே வந்து எல்லோருக்கும் தடுப்பூசி போட்டார்கள். கையில் ஈரப்பஞ்சு பட்டதுமே பூபாலன் சாய்ந்துவிட்டார். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதனால் அவர் கணக்கில் அது சேர்த்தி இல்லை.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மனைவி நிர்மலா. வேறொரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பனியனை மேலே பார்த்து ஏமாறுகிறவள் இல்லை. உள்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, நூல் தொங்கல் எல்லாம் அவள் விரலுக்குத் தானாகத் தெரியும். கல்யாணமான நாள் முதல் புருசனையும் அவள் உள்பக்கம் திருப்பித்தான் பார்த்துவந்தாள். பூபாலனுக்கு மட்டும் அது தெரியாது.

வம்பு ஆரம்பித்தது ஒரு மார்கழிக் காலையில்.

"ஏனுங்க, கொடத்துல தண்ணி எங்கீங்க?"

"குடிச்சுட்டேன்."

"கொடம் பூராவுமா?"

"சூடு நிர்மலா. ஒடம்புச் சூடு."

"இந்தக் குளுருலீங்களா?"

"உள்சூட்டுக்கு மாசமேது புள்ள?"

"ராவெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு வெளிய போனீங்களே, அது?"

"சூடு எறங்குது."

"சோறு தின்னுட்டு உக்காந்த எடத்துலயே தூங்கறீங்களே?"

"அது சடவு. வேல அலுப்பு."

"காலு மதமதன்னு இருக்குதுன்னீங்க?"

"வாயு."

"இத்தனையும் ஒண்ணாச் சேந்தா அதுக்கு என்ன பேரு தெரியுங்களா?"

பூபாலன் காதைப் பொத்திக்கொண்டார். "சொல்லாத!"

"சு..."

"சொல்லாதேங்கறனில்ல!"

"...கருங்க."

சொல்லிவிட்டாள். அந்த இங்கிலீஷ் பேர் திருப்பூர் ராயபுரத்து வீட்டுச் சமையலறையில் முதல்முறையாக ஒலித்தது. பூபாலன் அக்கம் பக்கம் பார்த்தார், யாரும் ஊசியோடு நிற்கவில்லை.

நிர்மலா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "எங்கப்பனும் சூடுன்னுதானுங்க சொல்லிட்டிருந்தாரு. எங்கூரு கணியூர்ல அத்தன பேரும் சூடுன்னுதான் சொன்னாங்க. எளநி எளநியாக் குடிச்சாரு. கால் வெரலு ரெண்ட எடுத்ததுக்கப்பறந்தான் அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு இருக்குதுன்னே எங்களுக்குத் தெரிஞ்சுது. ஒரே ஒருக்கா ரத்தம் குடுத்துப் பாத்தரலாமுங்க. இருந்தா இருக்குது, இல்லாட்டி நிம்மதியாப் போகுது."

பூபாலனுக்கு ஒரு நொடி மனசு இளகத்தான் செய்தது. மாமனாரின் அந்தக் காலை அவரும் பார்த்திருக்கிறார். ஆனால் 'ரத்தம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பஞ்சும், பஞ்சுக்குப் பின்னால் ஒரு ஊசியும் வரிசையில் நின்றன. எழுந்து நின்றார். முழங்கினார்.

"இங்க பாரு நிர்மலா. ரத்தங்கறது உள்ள ஓடறதுக்கு. வெளிய எடுக்கறதுக்கில்ல. இனிமே இந்த ஊட்டுல தமிழ் வைத்தியந்தான். நான் என்ன பேரு சொல்றனோ, அந்தப் பேருக்கு உண்டான மருந்து. டாக்டரு, லேப்பு, ஊசி, மெடிக்கல் கடைச் செட்டு மாத்திரை, எதுவும் வாசப்படி ஏறக் கூடாது. நீ எம்பட மேல சத்தியம் பண்ணு."

நிர்மலா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "சரீங்க" என்றாள்.

இருபது வருஷம் குடும்பம் நடத்திய எந்த ஆண்பிள்ளைக்கும் தெரியும்: சண்டை போடுகிற மனைவியால் ஆபத்தில்லை, உடனே 'சரீங்க' என்கிற மனைவியிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பூபாலனோ வெற்றிக் களிப்பில் இன்னொரு செம்பு தண்ணீர் குடித்தார்.

வைத்தியம் மறுநாளே துவங்கியது. சொன்ன பேருக்குச் சொன்ன மருந்து, ஒரு சொட்டுக் குறைவில்லாமல்.

சூட்டுக்கு விளக்கெண்ணெய். உச்சந்தலையில், தொப்புளில், இரண்டு கால் கட்டை விரலில். உச்சியில் வைத்தது வழிந்து புருவத்துக்கு வந்தது. பூபாலன் நீடில் ரூமுக்குப் போய் உட்கார்ந்தால் ஊசி விரலில் நிற்கமாட்டேன் என்றது. உடைந்த துண்டை ரிஜிஸ்டரில் ஒட்டப் போனால் டேப் வழுக்கியது.

பித்தத்துக்கு நிலவேம்புக் கஷாயம். அதைக் குடித்த நாள் பூபாலனுக்கு வெல்லம்கூடக் கசந்தது. புது ஆர்டர் கிடைத்த சந்தோசத்தில் முதலாளி தந்த பேடாவை வாயில் போட்டுக்கொண்டு அழுகிற முகத்தோடு நின்றார்.

வாயுவுக்குப் பூண்டு. உரிக்கிற சிரமமெல்லாம் நிர்மலா படவில்லை, முழுசு முழுசாகப் பாலில் வேகவைத்துப் பெருங்காயம் தட்டிப் போட்டாள். அன்றைக்குப் பேக்கரியில் டீ குடிக்கப் போனபோது கூட்டம் அதுவாக விலகி வழி விட்டது.

இதையெல்லாம்கூடப் பூபாலன் தாங்கினார். ஊசி இல்லை அல்லவா! அவர் எதிர்பார்க்காதது பத்தியம்.

"நிர்மலா, காப்பி?"

"சூட்டுக்கு ஆகாதுங்க."

"டீயாச்சும் வையி."

"பித்தத்துக்கு ஆகாதுங்க."

"உருளைக்கெழங்கு வறுத்திருக்கறயா? வாசம் வருது."

"அது எனக்குங்க. வாயுவுக்குக் கெழங்கு ஆகவே ஆகாது."

"ஞாயித்துக்கெழமைக்குக் கறி..."

"மூணுக்குமே ஆகாதுங்க."

இங்கிலீஷ் டாக்டராக இருந்தால் ஒரு வியாதிக்கு நாலு பதார்த்தம் தள்ளச் சொல்வார். தமிழ்ப் பேர் மூன்றும் சேர்ந்து உலகத்தில் உள்ள பதார்த்தம் அத்தனையையும் தள்ளிவிட்டன. மிச்சம் நின்றது குழைந்த சோறும் சீரகத் தண்ணியும். பூபாலன் ஒரு பேரையாவது வாபஸ் வாங்கப் பார்த்தார்.

"வாயு போயிருச்சு புள்ள."

"அதெப்படீங்க அதுக்குள்ள போகும்? நேத்துத்தானே வந்துச்சு?"

"எனக்குத் தெரியாதா? போயிருச்சுங்கறன்."

"போன மாதிரி பாவ்லா பண்ணிட்டு மூட்டுல போயி உக்காந்துக்குமுங்க. மூட்டு வாயுன்னு அதுக்கு வேற தைலம் இருக்குது. காச்சட்டுங்களா?"

"வேண்டாம் வேண்டாம். பழைய வாயுவே இருக்கட்டும்."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாயிற்று. ஆனாலும் பூபாலன் கொங்கு மண்ணில் பிறந்தவர். சொன்ன சொல்லை மாற்றுவதாவது!

அந்த வாரக் கடைசியில் அவருக்குத் தொண்டையில் என்னவோ நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு வாரம் நிலவேம்பு இறங்கிய தொண்டை வேறெப்படி இருக்கும்? பக்கத்து வீட்டு அய்யூப்பிடம் சொன்னார். அய்யூப், பூபாலனின் கம்பெனியிலேயே கட்டிங் மாஸ்டர். அவர் மனைவி பேகமும் நிர்மலாவும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள். இந்தக் கடைசிச் செய்தியைப் பூபாலன் யோசித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

"என்னங்ணா, மேலுக்கு ஆகலீங்களா? மொகம் வாடிக் கெடக்குது."

"தொண்டையில என்னமோ நிக்குது பாய். எச்சிலு முழுங்குனா எறங்க மாட்டீங்குது."

அய்யூப் குரலைத் தாழ்த்தினார். "தொக்கமுங்ணா."

"தொக்கமா?"

"தின்னதுல ஏதோ ஒண்ணு தொண்டையில தங்கிருச்சு. எங்க பேகத்துக்கு அப்பிடித்தான் நின்னுச்சு. குண்டடத்துப் பக்கமிருந்து சாமியாத்தான்னு ஒரு அம்மா வந்து தொக்கம் எடுத்தாங்க. கழுத்த நீவி விட்டு, ஊதி, உள்ளங்கையில எடுத்துக் காட்டுனாங்க. கோழி எலும்புங்ணா!"

"ஊசி கீசி..."

"ஊதறது மட்டுந்தானுங்ணா."

பூபாலனுக்குக் கம்பெனியில் போனஸ் போட்ட மாதிரி இருந்தது. தொக்கம்! எவ்வளவு அழகான தமிழ்ப் பேர். கஷாயம் இல்லை, பத்தியம் இல்லை, ஊசி இல்லை. அந்தத் தொக்கத்தை எடுத்துவிட்டால் சூடு, பித்தம், வாயு எல்லாம் அதனால் வந்ததுதான், போய்விட்டது என்று ஒரே கையெழுத்தில் கணக்கை முடித்துவிடலாம். வீட்டுக்கு ஓடினார்.

நிர்மலா முகத்தைச் சுளித்தாள். "தொக்கமெல்லாம் ஏமாத்து வேலைங்க. வேண்டாமுங்க."

அவள் வேண்டாம் என்றதுமே பூபாலனுக்கு அது வேண்டும் என்றாகிவிட்டது.

"ஏமாத்தா? உனக்கு என்ன தெரியும்? நூல் பிசிறு பாக்கத் தெரியும். ஞாயித்துக்கெழம காலைல அந்தம்மா வரோணும். வருவாங்க."

"எனக்கு மனசில்லீங்க. உங்க இஷ்டம்" என்று நிர்மலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் என்ன இருந்தது என்று பூபாலன் பார்க்கவில்லை.

சாமியாத்தாள் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை பொழுதோடு சாப்பிட்டது சரி, அப்புறம் பச்சைத் தண்ணியைத் தவிர வாயில் ஒன்றும் படக் கூடாது. தொக்கம் வெறும் வயிற்றில்தான் மேலே வரும். பூபாலன் பத்தியத்தில் பழுத்த பழம், பட்டினியும் இருந்தார்.

ஞாயிறு விடிந்ததும் சாமியாத்தாள் வந்து சேர்ந்தாள். நல்ல உயரம். நெற்றி நிறையத் திருநீறு. கை மட்டும் மின்னல் வேகம். வெற்றிலையை மடித்ததும் தெரியவில்லை, வாயில் போனதும் தெரியவில்லை.

"உக்காரு கண்ணு. வாயத் தொற. ஆ... நெம்ப நாளா நிக்குது. ஏஞ்சாமி, கண்டதையும் வாயில வெக்கற பழக்கம் உண்டா?"

பூபாலனுக்குச் சுரீர் என்றது. உண்டு. நீடில் ரூம் சுவரில், 'ஊசியை வாயில் வைக்காதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவர் அவர்தான். ஊருக்குத்தான் உபதேசம். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது அவரே ஊசியை உதட்டில் கவ்விக்கொள்வார். யாரும் பார்க்காதபோது மட்டும்.

சாமியாத்தாள் கழுத்தை நீவினாள். விரலை வேப்பெண்ணெயில் தொட்டுக்கொண்டு மேலும் கீழும் இழுத்தாள். பூபாலன் காதோரம் வாயை வைத்து ஒரு ஊது ஊதினாள். அவருக்கு ஒரு இருமல் வந்தது. அதே நொடி அவர் உதட்டோரம் கையை ஏந்தினாள்.

"வந்துருச்சு! இதென்ன கண்ணு இது? எலும்புன்னு பாத்தா மினுங்குது!"

உள்ளங்கையில் ஒரு துணுக்கு. எள்ளை விடக் கொஞ்சம் நீளம்.

பூபாலன் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார். கண்ணில் வைத்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப் போயிற்று.

"ஊசி முனை" என்றார். "பதினோராம் நம்பரு. பால் பாயிண்ட்டு. ஒடஞ்சு நாளாகலை."

"அய்யோ! முழுங்கிட்டீங்களா?" என்று நிர்மலா நெஞ்சில் கையை வைத்தாள்.

பூபாலன் குனிந்தார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களிடம் கேட்ட கேள்வியை அன்றைக்குத் தன் வயிற்றைப் பார்த்துக் கேட்டார்.

"மீதித் துண்டு எங்க?"

முனை வந்துவிட்டது. காது வரவில்லை. தண்டு வரவில்லை. கட்டை வரவில்லை. முக்கால் ஊசி உள்ளே! மற்றவர்களாக இருந்தால் வந்த வரைக்கும் புண்ணியம் என்று போயிருப்பார்கள். பூபாலனால் முடியுமா? ஒரு துணுக்குக்காகக் கண்டெய்னரையே நிறுத்தி வைத்தவர்.

"ஆத்தா, மிச்சத்தையும் எடுத்துருங்க!"

சாமியாத்தாள் கையைக் கழுவிக்கொண்டாள். "எம்பட கை தொண்டைக்குள்ளதான் கண்ணு. அதுக்குங் கீழ எறங்கிருச்சுன்னா இங்கிலீஷ் வைத்தியந்தான்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டாள்.

பூபாலன் காந்தத்தை எடுத்தார். வேலைக்குப் பயன்படுவது, எப்போதும் அவர் பையில் இருக்கும். தொண்டையில் வைத்து மெல்ல மெல்லக் கீழே இறக்கினார். நெஞ்சைத் தாண்டி, வயிற்றைத் தாண்டித் தொப்புளுக்குக் கீழே வந்ததும் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது.

"இருக்குது! இங்கதான் இருக்குது! புடிச்சு இழுக்குது நிர்மலா!"

நிர்மலா சட்டையை விலக்கிப் பார்த்தாள். "அது லுங்கி மேல கட்டுன பச்சை பெல்ட்டுங்க. பக்கிளு."

"கம்பெனிச் சாவி எங்கிட்டத்தான் இருக்குது. மெட்டல் டிடெக்டர்ல ஒருக்காப் படுத்து வெளிய வந்தரட்டா?"

"பனியன் போற அந்தச் சந்துக்குள்ள உங்க தொப்பை போகுமுங்களா?"

"அப்பறம் என்னதான் பண்றது? நான் இப்ப ஹோல்டுல இருக்கறன் நிர்மலா! மீதித் துண்டு கெடைக்கற வரைக்கும் என்னைய யாரும் ரிலீஸ் பண்ண முடியாது. எக்ஸ்ரே எடுக்கோணும். ஸ்கேன் எடுக்கோணும். எம்ஆர்ஐ... அய்யோ எம்ஆர்ஐல காந்தம்! அது வேண்டாம். எண்டோஸ்கோப்பி!"

நிர்மலா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "இதுக்கெல்லாம் தமிழ்ல என்னங்க பேரு?"

"தமிழாவது ஒண்ணாவது! வண்டிய எடு!"

நிர்மலா ஸ்கூட்டரை எடுத்தாள். பூபாலன் பின்னால் நிறைகுடம் போல அசையாமல் உட்கார்ந்தார். ஆடினால் துண்டு நகர்ந்துவிடும். திருப்பூர்ச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு குழிக்கும், "பாத்து! தண்டு குத்துது! இப்ப கட்டை குத்துது!" என்று முழு ஊசியையும் பாகம் பாகமாக அறிவித்துக்கொண்டே வந்தார்.

வண்டி நின்ற இடத்தில் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண். நதியா என்று கோட்டில் பேட்ஜ் குத்தியிருந்தாள். நிர்மலாவைப் பார்த்ததும் ரொம்ப நாள் பழகினவள் போலச் சிரித்தாள்.

"வெறும் வயிறுதானுங்களா?"

"ஆமாங் கண்ணு. நேத்துப் பொழுதோட சாப்பிட்டது. காப்பிகூடக் குடிக்கலை" என்றாள் நிர்மலா. பிறகு புருசன் பக்கம் திரும்பினாள். "எல்லாத்துக்கும் முன்னாடி கொஞ்சம் ரத்தம் எடுக்கோணுமாமுங்க."

பஞ்சு வந்தது. பஞ்சுக்குப் பின்னால் ஊசியும் வந்தது. பூபாலனின் கண் சொருகத் தொடங்கியது. வழக்கமாக இந்த இடத்தில் அவர் சாய்ந்துவிடுவார். ஆனால் அன்றைக்கு அவர் உடம்பு ஹோல்டில் இருந்தது. ஏற்கெனவே முக்கால் ஊசி கணக்கில் வரவில்லை. இப்போது இன்னொன்று உள்ளே போகப் போகிறது. மயங்கிவிட்டால் அது முழுசாக வெளியே வந்ததா என்று யார் பார்ப்பது?

"நில்லும்மா" என்றார். "ஊசியக் காட்டு."

லென்ஸை வைத்துப் பார்த்தார். முனை சரி. வளைசல் இல்லை. "ம், போடு. எடுத்ததும் எங்கிட்டக் காட்டோணும்."

ஊசி தோலுக்குள் போவதைக் கண்கொட்டாமல் பார்த்தார். வெளியே வருவதையும் பார்த்தார். வாங்கி, திருப்பி, லென்ஸில் பார்த்து, "முழுசா இருக்குது. பாஸ்" என்றார். நதியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பூபாலனுக்கே அப்புறம்தான் உறைத்தது: மயக்கம் வரவில்லை!

"செரி, எக்ஸ்ரே ரூம் எங்கம்மா?"

"எக்ஸ்ரேங்களா? இது லேப்புங்ணா. ரத்தம் மட்டுந்தான் பாப்போம்."

பூபாலன் நிர்மலாவைப் பார்த்தார். நிர்மலா கைப்பையைத் திறந்தாள். அதிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே இரண்டு துண்டு. ஒன்று காதோடு தண்டு. இன்னொன்று கட்டை. பூபாலன் தன் சட்டைப்பையில் பத்திரப்படுத்தியிருந்த முனையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கை தானாகச் செய்தது. முனை, தண்டு, கட்டை. ஒரு முழு ஊசி, இம்மி குறைவில்லை. கட்டை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. கம்பெனி மெஷினுக்கு உருண்டைக் கட்டை. தட்டைக் கட்டை வீட்டு மெஷினுக்கு.

"நம்ம ஊட்டு மெஷினா?"

"தலகாணி உறை தைக்கறப்ப ஒடஞ்சுதுங்க. உங்க சட்டப்படி துண்டு பூராவும் எடுத்து வெச்சிருந்தேன்."

"அப்ப என் தொண்டையில..."

"அந்தத் துணுக்கு உங்க வாய்க்கிட்டயே வரலீங்க. சாமியாத்தாக்கா வெரலிடுக்குலயே இருந்துச்சு. எங்க பேக்கிங் செக்‌ஷன்லயே கை வேகம் அவங்களுக்குத்தான். பையில பனியன் எப்பப் போச்சுன்னு பாக்கறவங்களுக்கே தெரியாது."

"பேக்கிங்கா! அப்ப பாய்?"

"பேகம் சொல்லிக் குடுத்ததச் சொன்னாருங்க. பாவம், அவருக்கும் ஊட்டுல பயம் இருக்குமில்ல?"

பூபாலனுக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. வந்தும் பார்த்தது. வாயைத் திறந்து நிமிர்ந்தவர், நிர்மலாவின் முகத்தைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்; கண் மட்டும் நிறைந்திருந்தது. இந்தத் தடவை அவர் அதைச் சரியாகப் பார்த்தார்.

"எங்கப்பனுக்கு நான் துணிக்கட்டு கட்டியிருக்கறனுங்க" என்றாள். "உங்களுக்கும் கட்ட எனக்குத் தெம்பில்லை. அதுதான்."

 பூபாலன் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். நதியா பார்க்கிறாள் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. நீடில் ரூமில் அவர் ஊரார் குழந்தைக்காக எவ்வளவு தவித்தாரோ, அவ்வளவு தவிப்பு அவருக்காக ஒருத்திக்கு இருந்திருக்கிறது. இது தெரிந்தபின் கோபம் எங்கே வரும்? சந்தோசம்தான் வந்தது, அதுவும் பசியோடு.

பக்கத்திலேயே ஒரு மெஸ். இலை போட்டார்கள். பூபாலன் முதலில் அடக்கமாக இரண்டு இட்லி சொன்னார். பாதி இட்லி உள்ளே போனதும் பழைய பூபாலன் எழுந்து உட்கார்ந்தார்.

"நான் அந்த முனையப் பாத்த ஒடனே கண்டுபுடிச்சிட்டேன் நிர்மலா. உன்ற மனசு நோகக் கூடாதுன்னுதான் வந்தேன்."

"அப்பிடீங்களா?"

"பின்ன? ஊசிக்கு நானா பயப்படறவன்? பாத்தயில்ல, கண்ணச் சிமிட்டலை."

"பாத்தேனுங்க."

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. இதுக்குப் போயி ஊரே பயந்து சாகுது. எறும்பு! சும்மாச் சின்ன எறும்பு."

அந்த நேரம் நிர்மலாவின் போன் அடித்தது. நதியாதான். கேட்டுவிட்டு நிர்மலா பெருமூச்சு விட்டாள். பாரம் இறங்கிய பெருமூச்சு.

"பார்டருங்களாம்."

"பார்டர்னா?"

"எல்லைங்க. இன்னும் தாண்டலை. இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சாம். டாக்டருகிட்டக் காட்டிட்டு, தெனம் நடந்து, வாயக் கட்டுனா சரியாயிருமுன்னு சொல்றாங்க."

"தாண்டலையில்ல? அப்ப இந்தப் பக்கந்தான இருக்கறன்!" பூபாலனுக்குத் தலைகால் புரியவில்லை. "தம்பி, ஒரு பொங்கல். வடை ரெண்டு." சொல்லிவிட்டு, பயத்தோடு நிர்மலாவைப் பார்த்தார். "ஆகுமா?"

"நல்லாச் சாப்பிடுங்க" என்றாள் நிர்மலா. வடையை அவளே எடுத்து இலையில் வைத்தாள். சட்னி ஊற்றினாள். காப்பிக்கும் அவளே சொன்னாள். ஒரு வாரம் சீரகத் தண்ணியில் வாடிய மனுசனுக்குச் சொர்க்கம் தெரிந்தது. இப்படி ஒரு மனைவி கிடைக்க என்ன தவம் செய்தோம் என்று பூபாலன் ஏப்பம் விட்டார். கை கழுவிக்கொண்டு வந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

"வா, ஊட்டுக்குப் போலாம்."

நிர்மலா அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எங்கீங்க போறது? அது வெறும் வயித்துக்கு எடுத்தது. எப்பவும் போலச் சாப்பிட்டு ரெண்டு மணி நேரங் கழிச்சு இன்னொருக்கா வரச் சொல்லியிருக்கறாங்க, எறும்பு அங்கயேதான் உக்காந்திருக்குது."